வண்டி நிக்குதா, ஓடுதா

எங்கள் பட்டறைக்கு அடிபட்டு வரும் வண்டிகளின் சொந்தக்காரர்களிடம் "எப்படி ஆச்சு?" என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். எல்லாருக்கும் ஒரே பதில்தான். "திடீர்னு வந்துட்டாங்க." எதிரே வந்த லாரி திடீரென்று வந்துவிடும். ரோட்டைக் கடந்த ஆள் திடீரென்று வந்துவிடுவார். ஒரு மனிதர் காரின் முன்பக்கத்தை அப்பளமாக நொறுக்கிக்கொண்டு வந்து, சுவர் திடீரென்று வந்துவிட்டதாகச் சொன்னார். சுவருக்கு அப்படி என்ன அவசரமோ தெரியவில்லை. "நான் போனில் பேசிக்கொண்டிருந்தேன்" என்று வாயைத் திறந்து சொன்ன ஒரு புண்ணியவானை நான் இன்னும் பார்க்கவில்லை.

நான் பெயிண்ட் அடிப்பவன். நசுங்கிய தகரத்தை டிங்கர் தட்டி நிமிர்த்திக் கொடுப்பார். அதன் மேடுபள்ளத்தில் பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்து, அடிபட்ட இடமே தெரியாமல் செய்வது என் வேலை. எனக்கு முன்கோபம் உண்டு. கலர் சேர்க்க வேறு ஆள் இல்லாததால் பட்டறையில் பொறுத்துக்கொள்கிறார்கள். ஆனால் நான் சொல்லப்போவது என்னைப் பற்றி இல்லை. பக்கத்துத் தடுப்பில் உட்கார்ந்து வண்டி சீட்டுகளுக்கு உறை தைக்கிற தையலக்காவைப் பற்றி.

அவளுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். கிழிந்த சீட்டின் உறையை உரித்து, அமுங்கிய ஃபோமுக்கு ஒட்டுப் போட்டு, ரெக்சினை அளந்து வெட்டித் தைப்பாள். அந்த மெஷின் வீட்டில் சட்டை தைக்கிற ரகம் இல்லை, மிதித்தால் தரை அதிரும். சில சீட்டுகளில் கறை இருக்கும். யாருடையது, அந்த ஆள் என்ன ஆனார் என்று அக்கா கேட்க மாட்டாள். உறையை உரித்து மூலையில் போட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து உட்காருவாள்.

கணவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. ஒரே மகன். மருந்துப் பெட்டிகள் ஏற்றிப் போகிற வேன் ஓட்டுகிறான். வேலை கிடைத்த ஊரிலேயே மனைவி, கைக்குழந்தையோடு குடியிருக்கிறான். அக்கா இங்கே ஒரு கடையின் மாடியில் ஒற்றை அறையில் இருக்கிறாள். ஃபேன் மாட்டிக் கொடுக்க ஒருமுறை போயிருந்தேன். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்த ஜன்னல், மூலையில் அடுப்பும் சிங்கும். நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். "இன்னொரு நாற்காலி வாங்கலாம்தான். யாரு வர்றாங்க தம்பி?" என்றாள்.

மதியம் நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவி வரும்போது அவளுக்கு மகனிடமிருந்து போன் வரும். கிடங்கில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்புகிற நேரம் அது. நீளமான நேர் ரோடு. அவனுக்கு வேறு எப்போதும் பேச நேரம் கிடையாது. ராத்திரி வீட்டுக்குப் போனால் தின்றுவிட்டுப் படுக்கத்தான் நேரம் இருக்கும். அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டு மெஷின் மேல் வைத்துவிட்டு, தைத்தபடியே பேசுவாள். மெஷின் சத்தத்துக்கு மேலே பேச வேண்டும் என்பதால் இரண்டு பேரும் கத்துவார்கள். அம்மாவுக்கும் மகனுக்கும் ரகசியம் என்று ஒன்று இருந்தால் அது பட்டறை முழுவதற்கும் தெரியும். அவன் பிள்ளைக்குப் பல் முளைத்த விஷயம் அவன் மாமனாருக்கு முன்னால் எனக்குத் தெரியும்.

பேச்சு என்றால் பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. நீ என்ன சாப்பிட்டாய், எனக்கு மூட்டு வலி, மாடிப்படி பல்பு போய்விட்டது, அங்கே மழையா. ஆனால் அந்தப் பேச்சுக்காகத்தான் அவள் காலையில் எழுந்து வருகிறாள் என்று எனக்குத் தோன்றும். மற்ற நேரமெல்லாம் அவள் பேசுவது நூல்கண்டோடுதான். "நானும் தினம் அவன்கூடவே போயிட்டு வர்றேன் தம்பி. எனக்கு டிக்கெட் கிடையாது" என்று சிரிப்பாள்.

"ஓட்டிக்கிட்டே பேசுறானேக்கா" என்று டிங்கர் ஒருநாள் இழுத்தார்.

அக்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "கையிலயா வெச்சிருக்கான்? காதுல மாட்டியிருக்கான். கை ரெண்டும் ஸ்டீயரிங்ல இருக்கு. கண்ணு ரோட்ல இருக்கு. அப்புறம் என்ன உங்களுக்கு?"

டிங்கர் சுத்தியலை எடுத்துக்கொண்டு போனார். கையும் கண்ணும் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தன. மூன்றாவதாக ஒன்று இருப்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

அன்றைக்குப் பேச்சு சிங்குக் குழாயைப் பற்றி. எவ்வளவு இறுக்கினாலும் சொட்டுகிறது, ராத்திரியெல்லாம் அந்தச் சத்தம் தூங்க விடவில்லை என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வாஷர் போயிருக்கும்மா. மேல் மூடியைத் திருகி எடு. உள்ள ஒரு தண்டு இருக்கும்."

"எந்தப் பக்கம் திருகணும்?"

"இரு, யோசிச்சுப் பார்க்கிறேன். உன் குழாய் சுவத்துல இருந்துதானே வருது? நீல டப்பா ஒண்ணு வெச்சிருப்பியே, அதுக்குப் பக்கத்துல..."

அப்புறம் டயர் தேய்கிற சத்தம். அந்தச் சத்தத்தை எங்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் பெட்டிகள் சரிந்து விழுந்தன. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அக்காவின் கால் மிதியிலேயே நின்றுவிட்டது. நான் உப்புத்தாளும் கையுமாக நின்றேன்.

"டேய்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "டேய், சொல்லுடா."

"ஒண்ணும் ஆகலம்மா." மூச்சு வாங்குவது கேட்டது. "ஒரு பொண்ணு. சைக்கிள்ல ரோட்டைக் கடந்துட்டிருந்தா. மயிரிழைதான். போயிட்டா. ஒண்ணும் ஆகல."

"நீ பார்க்கலயா?"

"நேர் ரோடும்மா. தூரத்துல இருந்தே வந்துட்டிருந்திருக்கணும். நான் ரோட்டைப் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். ஆனா அவ தெரியல."

வண்டி மறுபடி கிளம்புகிற சத்தம் கேட்டது. "சரி விடு. என்ன சொல்லிட்டிருந்தேன்? அந்தத் தண்டு..."

அக்கா போனை அணைத்துவிட்டாள். பிரேக் சத்தத்தைவிட, அவன் உடனே அந்தத் தண்டுக்குத் திரும்பியதுதான் அவளைப் பயமுறுத்தியது. அன்று அதன் பிறகு அவள் ஒரு தையல்கூடப் போடவில்லை. நான் டீ வாங்கி வந்து பக்கத்தில் வைத்தேன், அது ஆறிப்போய் ஆடை படிந்தது.

"அந்த நேரத்துல அவன் ரோட்ல இல்ல தம்பி" என்றாள் சாயங்காலம். "என் வீட்ல, சிங்குக்கு முன்னாடி நின்னு குழாயைப் பார்த்துக்கிட்டிருந்தான். வண்டியில யாருமே இல்ல. நான் குழாயைச் சொன்னேன், அவன் குழாயைப் பார்த்தான். அந்தப் பொண்ணு எப்படித் தெரிவா?"

எனக்குச் சட்டென்று அந்த "திடீர்னு வந்துட்டாங்க" ஆசாமிகள் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை போலிருக்கிறது. பாதி பேருக்கு உண்மையாகவே சுவர் திடீரென்றுதான் வந்திருக்கும்.

மறுநாள் மதியம் போன் வந்தது. அக்கா எடுத்தாள். நலம் விசாரிக்கவில்லை.

"வண்டி நிக்குதா, ஓடுதா?"

"ஓடுதும்மா. ஏன்?"

அணைத்துவிட்டாள். அவன் மறுபடி கூப்பிட்டான். மறுபடி அதே கேள்வி, மறுபடி அணைத்தாள். அடுத்த நாளும் அப்படியே. அவன் கத்தினான். "நிறுத்திட்டுப் பேசுன்னு சுலபமா சொல்ற. வண்டி நின்னா ஆபீஸ்ல திரையில தெரியும். ஏன் நிக்குதுன்னு அடுத்த நிமிஷமே கேப்பாங்க. ஓடுற வண்டியில நான் என்ன பண்றேன்னு எவனும் கேக்கறதில்ல." அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த ஆபீஸ்காரர்களை நினைத்து எனக்குக் கோபம் வந்தது. வண்டி எங்கே இருக்கிறது என்று பார்க்க அவர்களுக்குத் தெரியும். வண்டிக்குள் ஆள் இருக்கிறானா என்று பார்க்கத் தெரியாது.

பிறகு ஒருநாள் "நிக்குதும்மா, ஓரமா நிறுத்தியிருக்கேன்" என்றான். அக்காவின் முகம் மலர்ந்தது. இரண்டு வார்த்தை பேசியிருப்பாள், அந்தப் பக்கம் வண்டி திரும்பும்போது போடுகிற இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடிக்க ஆரம்பித்தது. அவள் எங்கள் முகத்தைப் பார்த்தாள். நாங்கள் தரையைப் பார்த்தோம். "எங்கிட்டயே பொய் சொல்றியாடா" என்று கேட்டுவிட்டு அணைத்தாள்.

அதோடு அவன் கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். "உனக்குப் பேச வேண்டாம்னா விடு" என்று ஒரு வரி அனுப்பியிருந்தான். அதை அவளே எனக்குப் படித்துக் காட்டினாள்.

அதற்குப் பிறகு வந்த மதியங்களைச் சொல்வது கஷ்டம். சாப்பிட்டு முடித்துக் கை துடைத்துக்கொண்டு வருவாள். பழக்க தோஷத்தில் போனை எடுத்து மெஷின் மேல் வைப்பாள். தைக்க ஆரம்பிப்பாள். நடுநடுவே காலை நிறுத்திக் கேட்பாள், எங்கேயாவது மணி அடிக்கிறதா என்று. பட்டறையில் சுத்தியல் சத்தமும் காற்றுக் குழாய் சத்தமும்தான் இருக்கும். டிங்கர் ரேடியோ போட்டுப் பார்த்தார். "அதை அணைங்க, தலை வலிக்குது" என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்குப் போகிற நேரம் வந்தால், தைத்து முடித்த உறையை மறுபடி பிரித்துப் பார்ப்பாள், நூல் வெட்டுவாள், தடுப்பைப் பெருக்குவாள். கிளம்ப மனசு வராது. அந்த அறைக்குப் போய் என்ன செய்வாள், பாவம். சொட்டிக்கொண்டிருந்த குழாயையும் நானே போய்ச் சரிசெய்துவிட்டேன், இப்போது அந்தச் சத்தம்கூட இல்லை.

"நீங்களே கூப்பிடுங்களேன்" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். "வீம்பு பிடிச்சா யாருக்கு நஷ்டம்?"

"நான் கூப்பிட்டா எடுப்பான் தம்பி. அம்மா ஆச்சேன்னு உடனே எடுப்பான். ஓட்டிக்கிட்டே எடுப்பான்."

உப்புத்தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

விடுமுறை நாளில் அவன் வீட்டில் இருப்பான் என்று ஒருமுறை கூப்பிட்டிருக்கிறாள். மருமகள் எடுத்தாள். அவர் தூங்குகிறார் என்றாள். பிறகு வழக்கத்தில் இல்லாத உற்சாகத்தோடு தானாகவே பேசினாளாம். "இப்பெல்லாம் ரோட்ல எங்கிட்டதான் அத்தை பேசிட்டுப் போறாரு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து இவ்வளவு பேசினதே இல்ல. குழந்தை சத்தம் போட்டா அதையும் கேக்கறாரு."

இதை என்னிடம் சொல்லிவிட்டு அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். தனக்கு இருந்த ஒரே பேச்சையும் அவள் விட்டுக் கொடுத்தாள். அவன் அதைக் கொண்டுபோய் இன்னொரு காதில் வைத்துவிட்டான். வண்டி அதேபோல் ஆளில்லாமல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"மருமகள்கிட்ட சொல்லுங்க" என்றேன்.

"என்னன்னு சொல்றது? நான் சொன்னா அவ என்ன நினைப்பா? அத்தைகிட்ட பேசுறதை நிறுத்திட்டாரு, அந்த வயிற்றெரிச்சல்ல எங்கிட்ட பேசுறதையும் கெடுக்கப் பார்க்கிறாங்கன்னு நினைப்பா. ஊர்ல எந்த மாமியார் சொன்னாலும் அப்படித்தான் நினைப்பாங்க. நானே என் மாமியாரை அப்படித்தான் நினைச்சிருக்கேன்."

"நினைச்சா நினைச்சிட்டுப் போகட்டும். நாளைக்கு அந்த வேன் இங்க வந்து நின்னா, அதுக்கு சீட் கவர் நீங்கதான் தைக்கணும்."

சொல்லியிருக்கக் கூடாத பேச்சு. என் வாய் அப்படி. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். மறுநாள் வேலைக்கு வரவில்லை.

மகன் ஊருக்குப் போயிருக்கிறாள். நடந்ததைத் திரும்பி வந்து அவளே சொன்னாள். பஸ்ஸில் டிரைவர் தலைக்கு மேல், ஓட்டுநரோடு பேசக் கூடாது என்று எழுதியிருந்ததாம். "எத்தனையோ தடவை அதுக்குக் கீழயே உட்கார்ந்து போயிருக்கேன். அது எனக்கு எழுதினதுன்னு இப்பதான் தெரியுது" என்றாள்.

அவன் வேலைக்குப் போன பிறகுதான் வீட்டுக்குள் போனாள். மருமகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தாள். அக்கா சுற்றி வளைக்காமல் சைக்கிள் பெண்ணைப் பற்றிச் சொன்னாள். அதைப் பற்றி அவன் வீட்டில் மூச்சுவிடவில்லை. மருமகள் மடித்த துணியையே திரும்ப மடித்தாள்.

"ஒண்ணும் ஆகலல்ல அத்தை" என்றாள். பிறகு, "அவர் பக்கத்துல உட்கார்ந்து போனாக்கூட நான் பேசிக்கிட்டுதான் போவேன். அதுக்கு என்ன?"

"பக்கத்துல இருந்தா உனக்கும் ரோடு தெரியும்மா. லாரி வந்தா நீயே பேச்சை நிறுத்திடுவ. போன்ல இருக்கிறவளுக்கு லாரி வர்றது தெரியுமா? அவ பாட்டுக்குப் பேசுவா. நான் பேசினேனே."

மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது. கோபத்தில்தான். "எனக்கு அந்தக் கொஞ்ச நேரம்தான் அத்தை இருக்கு. வீட்டுக்கு வந்தா சோறு, தூக்கம். இந்தத் தெருவுல எனக்கு யாரையும் தெரியாது. நாள் பூரா இந்தக் குழந்தைகிட்டதான் பேசுறேன், இது திருப்பிப் பேசாது. இப்பதான் அவர் பேச ஆரம்பிச்சாரு. அதையும் விட்டுடுன்னு சொல்றீங்க."

"ஆமா. விட்டுடுன்னுதான் சொல்ல வந்தேன். எனக்கும் அது மட்டும்தான் இருந்துச்சு."

மருமகள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அந்த நேரத்துக்கு என்னைக் கூப்பிடும்மா" என்றாள் அக்கா. "உங்ககிட்ட என்ன அத்தை பேசுறது" என்று பதில் வந்தது. மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள். அக்காவுக்கும் தெரியவில்லை. குழந்தையைக் கொஞ்ச நேரம் தூக்கி வைத்திருந்துவிட்டு, அவன் வருவதற்குள் பஸ் ஏறிவிட்டாள்.

"போன காரியம் உருப்படல தம்பி" என்று முடித்தாள். அன்றைக்கு ஒரு பெரிய வேனின் சீட்டுகள் வந்திருந்தன. இழுத்துப் போட்டுக்கொண்டு வேலை செய்தாள். அடுத்து வந்த நாட்களிலும் போன் மெஷின் மேல் சும்மா கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு, ஒன்றுக்கு இரண்டு பேருக்குக் கெட்டவளாகிவிட்டு, பலன் ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாளே என்று இருந்தது.

பிறகு ஒரு மதியம் மணி அடித்தது. அக்கா பதறி எடுத்ததில் நூல்கண்டு உருண்டு என் தடுப்புக்கு வந்துவிட்டது.

"அத்தை." மருமகள் குரல். "இப்பதான் அவர் கூப்பிட்டாரு. வண்டி நிக்குதா, ஓடுதான்னு கேட்டேன். ஓடுதுன்னாரு. கட் பண்ணிட்டேன்."

"சரிம்மா."

"திரும்பக் கூப்பிட்டாரு. எடுக்கல. கண்டபடி திட்டி அனுப்பியிருக்காரு." மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "நீங்க சொன்னதுக்காக இல்ல. நேத்து நான் பேசிட்டிருக்கும்போது ஒரு ஹார்ன் சத்தம் கேட்டுது. ரொம்பப் பக்கத்துல. அப்புறம் அவர் ரொம்ப நேரம் பேசல. என்னன்னு கேட்டா சொல்லல. எனக்கு ராத்திரி தூக்கம் வரல அத்தை."

இரண்டு பேருக்கும் மேற்கொண்டு பேச விஷயம் கிடையாது. குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்த சத்தம் வந்துகொண்டிருந்தது. வைத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. கொஞ்சம் கழித்து அக்கா மெல்ல, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டாள். "இன்னும் இல்ல." "போய் தட்டுல போட்டுக்கிட்டு வா. நான் இருக்கேன்."

அதற்குப் பிறகு பெரும்பாலும் மதியங்களில் மருமகள்தான் கூப்பிடுகிறாள். கலகலப்பான பேச்சு இல்லை. பாதி நேரம் இரண்டு பக்கமும் மெஷின் சத்தமும் பாத்திரச் சத்தமும்தான். அவன் வண்டியில் போய்க்கொண்டிருக்கிற நேரத்தை இரண்டு பேரும் சேர்ந்து தள்ளுகிறார்கள், அவ்வளவுதான். மகன் குரல் வேண்டும் என்று அக்காவுக்கு இருக்கிறது. அவள் அதை மறைப்பதும் இல்லை. "இவ நல்ல பொண்ணுதான். ஆனா இவ என் பிள்ளை இல்லையே தம்பி" என்று என்னிடமே சொன்னாள்.

அவன் இரண்டு பேரிடமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். வீட்டில் பேச்சு இல்லை. இங்கே போன் இல்லை. அது எத்தனை நாள் என்று நான் எண்ணவில்லை, மழை ஆரம்பித்து ஓய்ந்துவிட்டது. பிறகு ஒருநாள் மதியம் அவன் பெயர் போனில் வந்தது. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். அப்போதும் கேள்வியை விடவில்லை.

"வண்டி நிக்குதா, ஓடுதா?"

"நிக்குது. டீக்கடையில நிக்கிறேன். இங்க நிறுத்தினா டீ குடிக்கத்தான்னு ஆபீஸ்ல கேக்க மாட்டாங்க." பின்னால் கண்ணாடி டம்ளர்கள் மோதுகிற சத்தமும் யாரோ பாக்கிச் சில்லறை கேட்பதும் வந்தன. உண்மையாகவே நிற்கிறான்.

"நல்லா இருக்கியா?"

"இருக்கேன்." கடைக்காரர் டீ ஆற்றுகிற சத்தம். "ரெண்டு பேரும் சேர்ந்து என்னை ஊமையாக்கிட்டீங்க."

அவனே தொடர்ந்தான். இந்தத் தடவை குரலில் கோபம் இல்லை.

"போனை எடுத்துப் பின்னாடி பெட்டிங்களோட போட்டுடறேன். கைக்கு எட்டினா எடுக்கத் தோணுது. வழி பூரா ஒரு சத்தம் இல்லம்மா. யாருமே இல்லாத மாதிரி இருக்கு. ரொம்பத் தனியா இருக்கு."

அக்கா மெஷின் மேல் கவிழ்ந்து போனுக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள். தனியாக இருப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"தெரியும்டா" என்றாள். "தனியாவே வா. வந்து சேரு, அது போதும்."

அவன் டீயை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "சரிம்மா, கிளம்பறேன்" என்றான். போன் அணைந்தது. அவள் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்தாள். வண்டி கிளம்புகிற சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டுத்தான் அவன் சாவியைத் திருகியிருக்கிறான்.